பார்த்த படத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' பற்றி நான் எழுதிய முதல் குறிப்பில், குளியலறைக் காட்சியின் முடிவில் சிவந்த குருதி நீரோடு கலந்து சுழன்று வடிகாலுக்குள் இறங்குவதை ஒரு பத்தி முழுக்க வியந்திருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர் ஒற்றை வரியில் பதில் அனுப்பினார்: "அது கறுப்பு வெள்ளைப் படம் அல்லவா?" 1960இல் வெளியான அந்தப் படத்தில் சிவப்பு என்று எதுவுமே கிடையாது, குருதிக்குப் பதிலாக அவர்கள் ஊற்றியதுகூடச் சாக்லேட் பாகுதான். என் நினைவு தானாகவே வண்ணம் பூசிக்கொண்டிருக்க, நான் அதை நம்பிச் சாட்சி சொல்லியிருக்கிறேன். இதைப் போன்ற தவறுகளை வரிசையாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டதில் உருவானதே கீழே உள்ள முறை. மனத்தில் பட்டதைத் துணிந்து சொல்வது யாருக்கும் எளிது. சொன்ன சொல்லுக்குப் பக்கத்தில் ஆதாரத்தை வைத்திருப்பதில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி பெரும்பாலும் பதிவேடு, பிரதி, நேரம் ஆகியவற்றைப் பற்றியே பேசும்.

1. படம் பார்க்கும் முன்பே பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் தொடங்குங்கள்

தாள் நோட்டாக இருந்தாலும் கைப்பேசியில் இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் படத்துக்கு ஒரு பக்கம் என்ற ஒழுங்கு வேண்டும். பக்கத்தின் தலையில் படத்தின் பெயரையும் அதனோடு ஒட்டியே வெளிவந்த ஆண்டையும் எழுதுங்கள். ஆண்டு எதற்கு என்று நானும் முதலில் அலட்சியமாகத்தான் இருந்தேன். 'கர்ணன்' என்று மட்டும் குறித்து வைத்திருந்த ஒரு பக்கத்தை ஆறு மாதம் கழித்துப் புரட்டியபோது, அது பி. ஆர். பந்துலுவின் 1964ஆம் ஆண்டுப் படமா, மாரி செல்வராஜின் 2021ஆம் ஆண்டுப் படமா என்பதைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று, ஏனெனில் நான் எழுதியிருந்தது "நாயகன் தனித்து நிற்கும் இடங்கள் அருமை" என்ற ஒரு வரி மட்டுமே. 'ஆயிரத்தில் ஒருவன்', 'பில்லா' என்று எழுதினாலும் இதே குழப்பம் நேரும்.

அடுத்து, படம் தொடங்கும் முன் உங்களுக்கு இருக்கும் எதிர்பார்ப்பை இரண்டே வரிகளில் எழுதிவிடுங்கள். யார் பரிந்துரைத்தார், எதைக் கேள்விப்பட்டீர்கள், அந்த இயக்குநரின் முந்தைய படம் உங்களுக்குப் பிடித்ததா, இலவசச் சீட்டில் பார்க்கிறீர்களா, படத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் வேலை செய்திருக்கிறாரா என்பன எல்லாம் இங்கே வரட்டும். படம் முடிந்த பிறகு இதை எழுத முடியாது; பிடித்துப்போன படத்தைப் பற்றி "முதலிலேயே தெரியும்" என்றும், பிடிக்காத படத்தைப் பற்றி "அப்போதே சந்தேகப்பட்டேன்" என்றும் மனம் கணக்கைத் திருத்திவிடும். தெரிந்தவர் வேலை செய்த படமென்றால் கட்டுரையின் முதல் பத்தியிலேயே அதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால், அதுவரை எழுதியதெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

படம் பார்த்த நாள், தொடங்கிய நேரம், திரையரங்கா வீடா, எத்தனையாவது முறை, உடன் யார் இருந்தார், தூக்கக் கலக்கம் உண்டா என்பவற்றையும் குறிக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்குத் தொடங்கிய படங்களில் நான் "மெதுவாக நகர்கிறது" என்று எழுதியவை எத்தனை என்று பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது வெட்கமாகவே இருந்தது.

2. எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பதை உறுதிசெய்யுங்கள்

புதிதாக எழுத வருவோர் இடறி விழும் முதன்மையான இடம் இது. ஒரே பெயரில், ஒரே ஆண்டைத் தாங்கி, வெவ்வேறு படங்கள் உலவுகின்றன என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

'பிளேடு ரன்னர்' பற்றி நானும் ஒரு நண்பரும் அரை மணி நேரம் வாதிட்டோம். நாயகனின் குரல் கூடவே வந்து எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருப்பது படத்தைக் கெடுக்கிறது என்றேன் நான். அப்படி ஒரு குரலே படத்தில் இல்லை, நீ வேறெதையோ பார்த்திருக்கிறாய் என்றார் அவர். இருவர் சொன்னதும் உண்மை. 1982இல் திரையரங்குகளுக்கு வந்த பிரதியில் அந்த விளக்கக் குரலும் மகிழ்ச்சியான முடிவும் இருந்தன. 1992இல் வந்த பிரதியில் இரண்டும் நீக்கப்பட்டன. 2007இல் ரிட்லி ஸ்காட் இறுதி வடிவம் என்று இன்னொன்றைத் தந்தார். நான் பார்த்தது முதலாவது, அவர் பார்த்தது மூன்றாவது. எந்தப் பிரதி என்று முதலில் கேட்டிருந்தால் அரை மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

மௌனப் படங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' 1927 ஜனவரியில் பெர்லினில் திரையிடப்பட்ட சிறிது காலத்திலேயே வெட்டிச் சுருக்கப்பட்டது. வெட்டுப்பட்ட பகுதிகள் தொலைந்துவிட்டன என்றே பல பத்தாண்டுகள் கருதப்பட்டன. 2008இல் புவனோஸ் ஐரிஸ் நகரில் நீளமான 16 மி.மீ. பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டு, அதிலிருந்து சேர்த்த பகுதிகளோடு 2010இல் சுமார் இரண்டரை மணி நேரப் படமாக மீண்டும் வந்தது. சேர்க்கப்பட்ட பகுதிகள் கீறல் விழுந்து மங்கலாக இருப்பதால் எவை என்று கண்ணுக்கே தெரியும். பழைய சுருக்கப் பிரதியைப் பார்த்துவிட்டு "கதை கோர்வையாக இல்லை" என்று எழுதினால், அந்தக் குறை லாங்கைச் சேராது, கத்தரியைப் பிடித்தவரையே சேரும். மேலும், மௌனப் படங்களுக்கு ஒரே சீரான ஓட்ட வேகம் கிடையாது. மெதுவாகச் சுழற்றி எடுத்த படத்தை இன்றைய வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் பொம்மைகளைப் போல் குதித்து நடப்பார்கள். அதை நடிப்பின் குறையாக எழுதிவிடாதீர்கள்.

பேசும் படத்திலும் வேகச் சிக்கல் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுவது. சில நாடுகளின் தொலைக்காட்சி முறைக்கேற்பத் தயாரித்த பழைய டிவிடி வட்டுகளில் அது 25 ஆக ஓடும். இரண்டு மணி நேரப் படம் ஒரு மணி 55 நிமிடத்தில் முடிந்துவிடுவதோடு, பேச்சும் பாட்டும் ஒரு துளி கீச்சென்று ஒலிக்கும். ஒரு நடிகரின் குரலில் கம்பீரம் போதவில்லை என்று நான் எழுதிவைத்திருந்த பக்கத்தை, அதே படத்தைத் திரையரங்கில் கேட்ட அன்றே அடிக்க நேர்ந்தது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். படம் ஓடும் நேரத்தை உங்கள் கடிகாரத்திலேயே குறித்து, வெளியீட்டுக் காலத்தில் பதிவான நேரத்தோடு ஒப்பிடுங்கள். சில நிமிடங்களுக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணம் தெரியும்வரை எழுதாதீர்கள். 1964ஆம் ஆண்டுக் 'கர்ணன்' 2012இல் புதுப்பிக்கப்பட்டு மறுவெளியீடு கண்டதைப் போல, படமும் ஒலியும் துலக்கப்பட்டு வந்த பிரதியானால், நீங்கள் பாராட்டும் தெளிவில் எவ்வளவு அந்தக் காலத்தைச் சேர்ந்தது, எவ்வளவு மீட்டெடுத்தவர்களைச் சேர்ந்தது என்ற எச்சரிக்கையும் வேண்டும்.

3. திரையைச் சரிசெய்யுங்கள்

'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தை முதன்முதலில் பார்த்தபோது, இருபது நிமிடங்கள் கழித்தே ஒன்றைக் கவனித்தேன்: மிதிவண்டிச் சக்கரங்கள் முட்டை வடிவத்தில் இருந்தன. 1948ஆம் ஆண்டுப் படம் ஏறத்தாழச் சதுரத்தை ஒட்டிய சட்டகத்தில் எடுக்கப்பட்டது. என் தொலைக்காட்சியோ அதை இருபுறமும் இழுத்துத் திரை முழுக்க நிரப்பியிருந்தது. தந்தையும் மகனும் குட்டையாகவும் பருத்தும் தெரிந்ததை நான் அவர்களின் உடல்வாகு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் எந்தப் பழைய படத்தைத் தொடங்கினாலும் ஒரு சக்கரம், ஒரு கடிகாரம், ஒரு தட்டு என்று வட்டமான பொருளைத் தேடுவது என் வழக்கம். அது வட்டமாக இல்லையென்றால் படத்தை நிறுத்தி அமைப்பை மாற்றுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பது குறையல்ல. அதை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டினால் நடிகர்களின் நெற்றி போய்விடும்.

அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு ஒன்று புதிய தொலைக்காட்சிகளில் பெரும்பாலும் முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கும். அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எந்தப் படமும் தொலைக்காட்சித் தொடர் போலத் தோன்றும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்த படத்தைப் பற்றி எழுதவே கூடாது.

4. குரலும் வசன வரிகளும்

இங்கு இரண்டே எச்சரிக்கைகள். மொழிமாற்றுக் குரலில் பார்த்த படத்தில் நடிகரின் உச்சரிப்பையோ குரலையோ மதிப்பிடாதீர்கள்; மூல மொழிப் படத்திலும் வேறொருவர் பின்னணிக் குரல் கொடுத்திருக்கக்கூடும் என்பதால், ஒரு நடிகையின் குரலைப் புகழும் முன் அது யாருடையது என்று டைட்டிலில் பாருங்கள். திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வசன வரிகளின் (சப்டைட்டில்) வழியாகப் பார்க்கும்போது, "வசனம் தட்டையாக இருக்கிறது" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. தட்டையானது மொழிபெயர்ப்பாகவும் இருக்கலாம்.

5. நேரத்தையும் செலவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்

இரண்டு மணி நேரப் படத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று நினைத்தே எல்லோரும் தொடங்குகிறார்கள். என் கணக்கு வேறு: பார்க்க இரண்டு மணி, முடிந்தவுடன் குறிப்பெழுத அரை மணி, ஐயமுள்ள காட்சிகளை மீண்டும் பார்க்க ஒரு மணி, பெயர்களையும் ஆண்டுகளையும் சரிபார்க்க ஒரு மணி, எழுத இரண்டு மணி, மறுநாள் திருத்த அரை மணி, ஆக ஏழு மணி நேரம். வாரத்துக்கு ஒரு படத்துக்கு மேல் எழுத முயன்ற மாதங்களில், சரிபார்க்கும் அந்த ஒரு மணியைத்தான் நான் திருடிக்கொண்டேன். என் தவறுகளில் பெரும்பாலானவை அந்த மாதங்களைச் சேர்ந்தவை.

நீளமான படங்களுக்குத் தனித் திட்டம் வேண்டும். குரோசாவாவின் 'செவன் சாமுராய்' 207 நிமிடங்கள் ஓடுவது. ஆனால் அதன் நடுவில் இயக்குநரே இடைவேளை வைத்திருப்பதால் அங்கே எழுந்துகொள்ளலாம். ஷாந்தால் அக்கர்மன் 1975இல் எடுத்த 'ழான் தீல்மான்' 201 நிமிடங்கள். ஒரு பெண் மூன்று நாள்கள் செய்யும் வீட்டு வேலைகளை ஏறக்குறைய அவை நடக்கும் நேரத்துக்கே காட்டும் படம். அதை இரண்டு துண்டாகப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய ஒழுங்கில் விழும் சிறு பிசகுகள் தெரிய வேண்டுமானால், முதல் நாளின் ஒழுங்கு உங்கள் உடம்பில் இன்னும் ஆறாமல் இருக்க வேண்டும்.

பணச் செலவில் கவனிக்க வேண்டியது ஓடிடி சந்தா. ஒரே சமயத்தில் நான்கு தளங்களுக்குக் கட்டிவிட்டு ஒன்றில் மட்டும் பார்ப்பது எல்லோரும் செய்வது. பார்க்க வேண்டிய படங்களைத் தளவாரியாகப் பட்டியலிட்டு, ஒரு தளத்தின் பட்டியல் எட்டுப் பத்துப் படங்களைத் தொட்டவுடன் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துங்கள். பட்டியலில் உள்ள படங்கள் சொல்லாமல் கொள்ளாமல் அகற்றப்படும் என்பதால், பழைய படங்களை மாதத்தின் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

6. பார்க்கும்போது எதைக் குறிப்பது

படம் ஓடும்போது கருத்தை எழுதாதீர்கள். நிமிடத்தையும் பொருளையும் மட்டும் எழுதுங்கள். "அருமை" என்ற குறிப்பு மறுநாள் எதற்கும் உதவாது. "கடற்சுவர், எழும்போது தடுமாற்றம்" என்று எழுதினால் காட்சி முழுவதும் திரும்பி வரும்.

இது ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'க்கு நான் எழுதிய குறிப்பு. பிள்ளைகளைப் பார்க்க வந்த முதிய தம்பதியரைப் பிள்ளைகள் ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். இரவெல்லாம் பக்கத்து அறைகளின் கூச்சலில் அவர்கள் உறங்கவில்லை. காலையில் இருவரும் கடலோரத் தடுப்புச் சுவரின் மேல் அடுத்தடுத்து அமர்ந்து, ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று பேசுகிறார்கள். எழுந்திருக்கும்போது அம்மாவுக்கு ஒரு கணம் தலை சுற்றுகிறது. தூக்கம் இல்லாததால்தான் என்று சமாளித்துக்கொண்டு நடக்கிறார். கேமரா அருகில்கூடப் போவதில்லை. முதல் முறை பார்த்தபோது இதை நான் தவறவிட்டேன், "உணர்ச்சி அடங்கிய படம்" என்று பொதுவாக எழுதினேன். படம் தன் முழு துயரத்தையும் அந்த இடத்திலேயே அறிவித்துவிட்டது என்பது இரண்டாம் முறைதான் உறைத்தது. அப்பாவாக நடித்த சிஷூ ரியூவுக்கு 1953இல் ஐம்பது வயதுகூட ஆகவில்லை என்பதைப் பின்னர் அறிந்து, அந்த முதுகின் வளைவை மூன்றாம் முறை பார்த்தேன்.

இருட்டில் கண்ணால் பார்க்காமல் எழுதப் பழகுங்கள். திரையரங்கில் கைப்பேசி வெளிச்சம் பின்வரிசைக்காரரின் படத்தைக் கெடுக்கும்.

7. எப்போது எழுதுவது

முதல் குறிப்பை அன்றே எழுதி மூடிவையுங்கள். கட்டுரையை ஒருநாளேனும் கழித்து எழுதுங்கள். புதிய படமானால் ஒரு வாரத்துக்குள் எழுதிவிட வேண்டும், இல்லையேல் ஊரார் கருத்து உங்கள் கருத்தோடு கலந்து, எது எவருடையது என்று பிரிக்க முடியாமல் போகும். முதல் நாள் ஆரவாரத்துக்கு நடுவில் பார்த்ததை அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள். கைதட்டலும் அந்த அனுபவத்தின் பகுதியே.

பழைய படத்துக்கு அவசரமே இல்லை. 'வெர்டிகோ' 1958இல் வந்தபோது கலவையான வரவேற்பையே பெற்றது; 2012இல், எக்காலத்துக்கும் சிறந்த படம் எது என்று விமர்சகர்களிடம் கேட்கும் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழின் வாக்கெடுப்பில் முதலிடம் அதற்குக் கிடைத்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அதே வாக்கெடுப்பில் 1952இல் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்', 2022இல் 'ழான் தீல்மான்' என்று முதலிடம் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. விமர்சகர்களே இப்படி மாறும்போது, இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் சலிப்பை மறைக்கத் தேவையில்லை. 'சிட்டிசன் கேன்' எனக்கு இன்றுவரை மதிப்புக்குரிய படம். மீண்டும் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

8. கருத்தைச் சொல்லும் முறை

ஒரு தீர்ப்பு, அதற்கான காட்சி, அதற்கு எதிராக நிற்கும் காட்சி என்று மூன்றும் இருந்தாலே கருத்து நிற்கும். எடுத்துக்காட்டாக 2003இல் வந்த 'அன்பே சிவம்' பற்றி என் கருத்து: வெள்ளத்தால் விமானம் ரத்தாகி, ஒருவரையொருவர் சகிக்க முடியாத இரு பயணிகள் சேர்ந்து ஊர் திரும்ப நேரும் பகுதி முழுவதும் தமிழில் அரிதாக வாய்த்த எழுத்து, ஆனால் அந்தப் பயணத்தில் தானாகக் கனிந்து வந்த கருணையை, படம் பின்னர் வசனமாகவும் விளக்கத் தொடங்கும்போது எனக்கு ஒரு படி குறைந்துவிடுகிறது. வெளியான காலத்தில் வசூலில் சறுக்கிப் பின்னர் கொண்டாடப்பட்ட படம் இது என்பதால், குறை சொன்னால் அநீதி என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாத படம் என்பது ஒரு தகுதி ஆகாது.

இதேபோல 1954ஆம் ஆண்டின் 'அந்த நாள்' என்றாலே "பாட்டே இல்லாத படம்" என்று புகழ்கிறோம். இல்லாததைப் புகழ்வது எளிது. நாயகன் சுடப்பட்டு விழுவதில் தொடங்கி, ஒவ்வொருவர் வாய்மொழியிலும் அவன் வேறு வேறு ஆளாக மாறும் துணிவைப் பற்றி எழுதுவதே படத்தைப் பற்றி எழுதுவதாகும். 'மெட்ரோபோலிஸ்' நகரைப் போல ஒரு நகரைத் திரையில் நான் கண்டதில்லை. தலைக்கும் கைக்கும் நடுவே இதயம் வேண்டும் என்ற அதன் முடிவு சிறுபிள்ளைத்தனமானது என்று தயங்கித் தயங்கி எழுதினேன். பின்னாளில் லாங்கே அந்த முடிவை விரும்பவில்லை என்று சொல்லியிருப்பதைப் படித்தபோது என் தயக்கம் வீண் என்று தெரிந்தது.

நடிகரின் உடலையும் நிறத்தையும் சொந்த வாழ்க்கையையும் தொடாதீர்கள். முடிவை வெளியிடுவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு வரி எச்சரிக்கை தாருங்கள். பழைய படத்துக்கும் இது பொருந்தும், ஏனெனில் யாரோ ஒருவர் அதை இன்றிரவு முதன்முதலாகப் பார்க்கவிருக்கிறார். 'சைக்கோ' வந்தபோது படம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் பிடிவாதம் பிடித்தது வெறும் விளம்பரத்துக்காக மட்டுமன்று.

9. வெளியிடும் முன்னும் பின்னும்

எழுதி முடித்ததும் கட்டுரையில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் அடிக்கோடிட்டு, படத்தின் டைட்டிலை மீண்டும் ஓட்டி ஒப்பிடுங்கள். இயக்குநருக்கு உரியதல்லாத பாராட்டை இயக்குநருக்கு வழங்குவது மிகப் பரவலான பிழை. வெளிச்சத்தைப் புகழ்ந்தால் ஒளிப்பதிவாளரையும், வேகத்தைப் புகழ்ந்தால் படத்தொகுப்பாளரையும் பெயர் சொல்லுங்கள். படத்திலிருந்து நிழற்படங்களை எடுத்துப் போடுவதற்கு முன் உரிமை யாரிடம் உள்ளது என்று பாருங்கள். தயாரிப்பாளர் விளம்பரத்துக்கென்று வெளியிட்ட படங்களே பாதுகாப்பானவை.

வெளியிட்ட பின் மறுப்பு வரும். "உனக்கு ரசனை இல்லை" என்பதற்குப் பதில் எழுத வேண்டாம். "அந்தக் காட்சியில் அப்படி இல்லை" என்பதற்கு மூன்று நாளுக்குள் படத்தைப் பார்த்துப் பதில் எழுதுங்கள். தவறு உங்களுடையதானால் வாக்கியத்தைச் சத்தமின்றி மாற்றாமல், பழைய வரியை அப்படியே விட்டு, கீழே தேதியிட்டுத் திருத்தத்தைச் சேருங்கள். என் 'சைக்கோ' குறிப்பில் அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறது, அதன் கீழே திருத்தமும் இருக்கிறது. புதிதாகப் படிக்க வருபவர்கள் கட்டுரையை விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.